பழுதான கீசர்: சரிசெய்வதா, மாற்றுவதா?

குளியலறைச் சுவரில் பொருத்தப்பட்டு, மின்சாரத்தால் நீரைச் சூடாக்கி, குழாய்க்கும் ஷவருக்கும் வெந்நீர் தரும் கருவியைப் பேச்சு வழக்கில் கீசர் என்கிறோம். ஐஸ்லாந்து நாட்டில் உள்ள கெய்சிர் என்னும் வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்த சொல் இது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் ஆண்டு முழுவதும் கீசர் தேவைப்படுகிறது. சமவெளியில் பெரும்பாலும் ஐப்பசி முதல் மாசி வரை ஓடும். ஆனால் முதியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளில் அதற்கு ஓய்வே இல்லை.

இத்தகைய கருவி ஒருநாள் பழுதாகும்போது வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: செலவு செய்து சரிபார்ப்பதா, புதிது வாங்குவதா? வருகிற மெக்கானிக் ஒருவர், "இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட், புதுசு வாங்கிடுங்க" என்பார். இன்னொருவர், "டைரக்ட் பண்ணி விட்டுடறேன், ஓடும்" என்பார். முதல் ஆலோசனையால் பணம் வீணாகலாம். இரண்டாவது ஆலோசனையால் உயிரே போகலாம். ஆகவே இந்த முடிவை எடுக்கத் தேவையான அடிப்படை அறிவு ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது இருப்பது நல்லது.

நினைவில் வைக்க வேண்டிய விதி எளிமையானது. கீசர் என்பது அடிப்படையில் ஒரு தொட்டி; மற்றவை யாவும் அத்தொட்டியில் பொருத்தப்பட்ட உறுப்புகள். உறுப்பு பழுதானால் உறுப்பை மாற்றலாம். தொட்டி பழுதானால் கீசரையே மாற்ற வேண்டும். எஞ்சியுள்ள ஐயங்களை வயதும் செலவும் தீர்த்து வைக்கும்.

கீசரின் அமைப்பு

கீசர்கள் இரு வகைப்படும். உடனடி வகையில் 1 முதல் 3 லிட்டர் வரை மட்டுமே நீர் நிற்கும். காயில் பெரும்பாலும் 3000 வாட். சேமிப்பு வகை 6, 10, 15, 25 லிட்டர் அளவுகளில் கிடைக்கிறது; காயில் பெரும்பாலும் 2000 வாட். இக்கட்டுரை முக்கியமாகச் சேமிப்பு வகையைப் பற்றியது.

சேமிப்பு கீசரின் உறுப்புகள் இவை:

1. உள்தொட்டி: துருப்பிடிக்காத எஃகால் ஆனது, அல்லது கண்ணாடிப் பூச்சு பூசிய சாதாரண எஃகால் ஆனது.
2. காயில்: நீரைச் சூடாக்கும் உறுப்பு. உலோகக் குழாய்க்குள் நிக்ரோம் கம்பிச்சுருள் இருக்கும். கம்பி குழாயைத் தொடாதபடி இடையில் மெக்னீசியம் ஆக்சைடு தூள் நிரப்பியிருப்பார்கள்.
3. தெர்மோஸ்டாட்: குறித்த வெப்பநிலை வந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, நீர் ஆறியதும் மீண்டும் இணைக்கும்.
4. கட் அவுட்: தெர்மோஸ்டாட் வேலை செய்யாமல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காவலன்.
5. பாதுகாப்பு வால்வு: உள்ளே அழுத்தம் மிகுந்தால் நீரை வெளியேற்றும்.
6. மெக்னீசியத் தண்டு: தொட்டி துருப்பிடிக்காமல் காப்பது.
7. காஸ்கெட்: காயில் பொருந்தும் வாயில் நீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்.

குளிர்ந்த நீர் தொட்டியின் அடிப்பகுதியில் நுழைகிறது. வெந்நீர் மேற்பகுதியிலிருந்து வெளியேறுகிறது. குழாயைத் திறக்கும்போது உள்ளே வரும் குளிர்ந்த நீரே வெந்நீரை வெளியே தள்ளுகிறது. எனவே தொட்டி எப்போதும் நிறைந்தே இருக்கும். மாடித் தொட்டியைக் கழுவிய பிறகும், புதிய கீசரைப் பொருத்திய பிறகும், வெந்நீர்க் குழாயில் நீர் தடையின்றி வருகிறதா என்று பார்த்துவிட்டே சுவிட்சைப் போட வேண்டும். வெறும் தொட்டியில் சூடேறும் காயில் விரைவில் எரிந்துபோகும்.

முதலில் பாதுகாப்பு

பழுதா, புதிதா என்ற கணக்குக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கீசரை இப்போது தொடலாமா?

குழாயையோ ஷவரையோ தொடும்போது லேசாக ‘சுர்’ரென்றால், அது பொறுத்துக்கொள்ளும் அளவிலான தொல்லை அன்று, எச்சரிக்கை. அதே கசிவு, ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும்போது உயிரைப் பறிக்கலாம். உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும். கீசரின் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. வயரிங்கில் ஃபேசும் நியூட்ரலும் மாறியிருந்தால், சுவிட்சை அணைத்த பின்னும் கருவிக்குள் மின்சாரம் இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகே எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

"எம்.சி.பி. போட்டிருக்கிறோமே" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது. அதற்குப் போடப்படும் 16 ஆம்பியர் எம்.சி.பி., மின்னோட்டம் 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். மனித உடலில் பாய்ந்து உயிரைப் பறிக்கும் மின்னோட்டமோ மில்லிஆம்பியர் கணக்கில் வருவது. அந்தச் சிறு கசிவை உணர்ந்து துண்டிப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டுமே. எம்.சி.பி. கம்பியைக் காக்கும், ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கும்.

ஷாக் அடித்தாலே கீசர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. வீட்டின் எர்த் இணைப்பு சரியில்லாதபோது, வாஷிங் மெஷின் போன்ற வேறொரு கருவியின் கசிவு, பொதுவான எர்த் கம்பி வழியாகக் கீசரின் உடலுக்கு வரலாம். இந்நிலையில் புதுக் கீசர் வாங்கி மாட்டினாலும் ஷாக் தொடரும். எர்த்தைச் சோதிக்காமல் கீசரை மாற்றுவது, வலி எங்கே என்று பாராமல் மருந்து கொடுப்பதற்குச் சமம்.

‘டைரக்ட்’ செய்தல் என்பது தெர்மோஸ்டாட்டையோ கட் அவுட்டையோ விலக்கிவிட்டு, காயிலுக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பது. சுவிட்சை அணைக்க மறந்தால் நீர் கொதிநிலையைத் தாண்டும். உள்ளே அழுத்தம் ஏறும். பாதுகாப்பு வால்வும் உப்பால் அடைத்திருந்தால் தொட்டி வெடிக்கும். சில நாட்களுக்கு மட்டும் என்றாலும் இதற்கு உடன்படக் கூடாது.

கீசர் சரியாகும் வரை பிளாஸ்டிக் வாளியில் ஹீட்டர் ராடு போட்டுச் சமாளிப்போரும் உண்டு. ராடு ஓடும்போது நீரில் விரல் வைத்துச் சூடு பார்ப்பது மிக ஆபத்தானது. அடுப்பில் வெந்நீர் வைப்பதே மேல்.

அடையாளங்களும் காரணங்களும்

நீர் சூடாகவில்லை: முதலில் எம்.சி.பி.யும் பிளக்கும் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பிளக் பாயின்ட் தளர்ந்து, சூடேறி, உருகியிருப்பது அடிக்கடி காணப்படும் பழுது. அதற்குப் புது சாக்கெட்டும் பிளக்கும் போதும். அவை சரியாக இருந்தால் விளக்கைக் கவனிக்கலாம். பல மாடல்களில் சூடேறும்போது மட்டும் எரியும் விளக்கு ஒன்று உண்டு. அது எரிந்தும் நீர் குளிர்ந்தே இருந்தால் காயில் அறுந்திருக்க வாய்ப்பு மிகுதி. அது எரியாமலே இருந்தால் தெர்மோஸ்டாட்டையோ கட் அவுட்டையோ சந்தேகிக்கலாம். மூன்றும் மாற்றத்தக்க உறுப்புகளே.

சூடாக நெடுநேரம் ஆகிறது: 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2200 கிலோஜூல், அதாவது 0.61 யூனிட் தேவை. 2000 வாட் காயில் இதைச் சுமார் 18 நிமிடத்தில் தரும். மின்னழுத்தம் 180 வோல்ட்டாகக் குறைந்தால் திறன் அதன் வர்க்கத்துக்கேற்பக் குறைந்து சுமார் 1225 வாட் ஆகும். அதே வேலைக்கு 30 நிமிடம் பிடிக்கும். எனவே மாலையில் மட்டும் தாமதம் என்றால் குறை கீசரில் இல்லாமலும் இருக்கலாம்.

நீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது, அல்லது கட் அவுட் அடிக்கடி துண்டிக்கிறது: தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கலாம். கட் அவுட்டின் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தி ஓட்டுவது தீர்வாகாது. காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

சுவிட்சைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது: காயிலின் உறையில் விரிசல் விழுந்து உள்ளே நீர் புகுந்திருக்கலாம். ஆர்.சி.சி.பி.யை விலக்கிவிட்டுக் கீசரை ஓட்டுவது கூடவே கூடாது.

வெந்நீர் மெலிதாக வருகிறது: வால்விலோ குழாயிலோ ஷவர் முகத்திலோ உப்பு அடைத்திருக்கும். சுத்தம் செய்தால் போதும்.

‘படபட’ ஓசை: காயிலில் உப்புப் படிந்ததன் அடையாளம்.

இயற்பியல் படித்த மாணவர்கள் காயில் சோதனையின் பின்னுள்ள கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மின்தடை என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தது. 230 × 230 ÷ 2000 = ஏறத்தாழ 26 ஓம். மெக்கானிக்கின் மல்டிமீட்டர் இதையொட்டிக் காட்டினால் கம்பி அறவில்லை. முடிவிலியைக் காட்டினால் அறுந்துவிட்டது. கம்பிக்கும் வெளியுறைக்கும் இடையே மின்தடை மிக மிக அதிகமாக இருக்க வேண்டும். குறைந்திருந்தால் கசிவு உள்ளது. இச்சோதனையை மின்சாரத்தை முற்றிலும் துண்டித்த பிறகு, தொழில் தெரிந்தவரே செய்ய வேண்டும்.

கசிவு எங்கிருந்து?

முடிவைத் தீர்மானிக்கும் முக்கியமான இடம் இதுதான். கீழே நீர் சொட்டுகிறது என்பதற்காகவே தொட்டி போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது. மின்சாரத்தைத் துண்டித்து, கீசரின் வெளிப்புறத்தையும் இணைப்புகளையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் தாளை ஒற்றிப் பார்த்தால் ஈரம் எங்கு தொடங்குகிறது என்று தெரியும்.

குழாய் இணைப்பில் ஈரம் என்றால் பிளம்பர் வேலை. காயில் பொருந்தும் வாயில் என்றால் காஸ்கெட் மாற்ற வேண்டும். பாதுகாப்பு வால்விலிருந்து சூடேறும்போது மட்டும் சொட்டினால், அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். 15 லிட்டர் நீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 200 மில்லிலிட்டர் விரிவடைகிறது. அந்த நீர் வந்த வழியே திரும்ப முடியாதபோது வால்வு வழியாக வெளியேறும். கீசர் அணைந்திருக்கும்போதும் ஓயாமல் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும்.

இவை எதுவும் இன்றி, வெளிக்கூட்டின் அடியிலிருந்து நீர் கசிந்தால் உள்தொட்டியில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று கொள்ளலாம். வெந்நீர் மட்டும் துருநிறமாக வருவது இதற்கு முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். குளிர்ந்த நீரும் அதே நிறத்தில் வந்தால் மாடித் தொட்டியையோ பழைய இரும்புக் குழாய்களையோ பார்க்க வேண்டும்.

ஓட்டை விழுந்த தொட்டியை வெல்டிங் செய்து தருவோர் உண்டு. வெல்டிங் வெப்பத்தில் சுற்றியுள்ள கண்ணாடிப் பூச்சு சிதைந்துவிடும். அங்கிருந்து துரு மீண்டும் தொடங்கும். அழுத்தத்தைத் தாங்க வேண்டிய தொட்டியில் இத்தகைய ஒட்டுவேலை நம்பத்தக்கதன்று. இங்கு விடை ஒன்றே: மாற்றுதல்.

கடின நீரும் மெக்னீசியத் தண்டும்

கீசரின் ஆயுளை அதன் வயதைவிட அதற்குள் போகும் நீரே பெரிதும் தீர்மானிக்கிறது. கோவையில் சிறுவாணி நீர் வரும் வீட்டிலும், ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டும் நம்பும் வீட்டிலும் ஒரே கீசர் ஒரே அளவு உழைக்காது. கடின நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறிக் காயிலின் மேல் படிகிறது. நாம் உப்புப் படிவு என்று சொல்வது இதைத்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காதபோது 600 மில்லிகிராமை மேல் வரம்பாகவும் வைத்துள்ளது.

உப்புப் படிந்தால் மின்கட்டணம் மிகவும் கூடும் என்று பலர் கருதுகிறார்கள். காயில் நீருக்குள் மூழ்கியிருப்பதால் அதன் வெப்பம் படிவைக் கடந்து பெரும்பாலும் நீருக்குத்தான் போய்ச் சேர்கிறது. உண்மையான கேடு வேறு. வெப்பம் எளிதில் வெளியேறாததால் காயில் தன் இயல்பைவிடச் சூடாகி, உறை வெடித்து, விரைவில் பழுதாகிறது. ஆகவே கடின நீர் உள்ள வீட்டில் படிவை நீக்காமல் காயிலை மட்டும் மாற்றினால், அடுத்த காயிலும் அதே வழியில் போகும்.

மெக்னீசியத் தண்டு வேறு விதமாக உதவுகிறது. இரும்பைவிட எளிதில் வினைபுரியும் மெக்னீசியம் தானே அரிக்கப்பட்டுத் தொட்டியின் எஃகைக் காக்கிறது. இதற்குத் தியாக நேர்மின்வாய் என்று பெயர். கப்பல்களின் செம்புத் தகட்டைத் துத்தநாகம் அல்லது இரும்பு கொண்டு இவ்வாறு காக்கலாம் என்பதை 1824-இல் ஹம்ப்ரி டேவி காட்டினார். தண்டு பெருமளவு கரைந்ததும் மாற்றினால் தொட்டி பிழைக்கும். மாற்றாவிட்டால் துரு தொட்டியைத் தொடங்கும். விலை குறைந்த இந்த உறுப்பைக் கவனிக்காததால் முழுக் கீசரையும் இழந்த வீடுகள் ஏராளம்.

செலவுக் கணக்கு

தொட்டி நன்றாக இருக்கிறது, உறுப்புதான் பழுது என்று தெரிந்த பின் பணக் கணக்குக்கு வரலாம். மொத்தச் செலவை ஒப்பிடுவதைவிட, ஓர் ஆண்டுக்கு ஆகும் செலவை ஒப்பிடுவது சரியான முறை.

புதிய கீசருக்குப் பொருத்தும் கூலி உட்பட 9000 ரூபாய் ஆகிறது, அது 9 ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 1000 ரூபாய். உங்கள் கீசருக்கு வயது 4; காயில் மாற்ற 1500 ரூபாய் கேட்கிறார்கள்; இன்னும் 5 ஆண்டுகள் ஓடும் என்றால் ஆண்டுச் செலவு 300 ரூபாய்தான். சரிசெய்வதே இலாபம். அதே 1500 ரூபாயை 10 வயதான, துருநிற நீர் வரத் தொடங்கிய கீசருக்குக் கேட்டால், அது இன்னும் ஓராண்டு ஓடினாலே பெரிது. ஆண்டுச் செலவு 1500 ரூபாய். மாற்றுவதே இலாபம். எண்கள் ஊருக்கு ஊர் மாறும், முறை மாறாது.

"புதிது வாங்கினால் கரண்ட் மிச்சம்" என்ற வாதத்தையும் எடைபோட வேண்டும். 15 லிட்டர் நீரைச் சூடாக்கப் பழைய காயிலுக்கும் புதிய காயிலுக்கும் அதே 0.61 யூனிட்தான் தேவை. புதிய, அதிக நட்சத்திரக் குறியீடு பெற்ற கீசர் மிச்சப்படுத்துவது, சூடான நீர் சும்மா நிற்கும்போது இழக்கும் வெப்பத்தை. நாள் முழுவதும் சுவிட்சை அணைக்காத வீட்டில் இந்த மிச்சம் கணிசமானது. குளிக்கும் முன் போட்டு உடனே அணைக்கும் வீட்டில் மிகச் சிறிது.

உத்தரவாதமும் நுகர்வோர் உரிமையும்

முடிவெடுக்கும் முன் உத்தரவாத அட்டையைத் தேடி எடுங்கள். பல தயாரிப்பாளர்கள் முழுக் கருவிக்கு ஒரு காலம், காயிலுக்கு ஒரு காலம், உள்தொட்டிக்கு இவற்றைவிட நீண்ட காலம் என்று தனித்தனியாகத் தருகிறார்கள். கருவியின் உத்தரவாதம் முடிந்திருந்தாலும் தொட்டியின் உத்தரவாதம் நடப்பில் இருக்கலாம். அப்படியானால் கசியும் தொட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் வெளியாளைக் கொண்டு கழற்றினால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனை இருக்கலாம். முதலில் தயாரிப்பாளரின் சேவை மையத்தை அழைப்பதே நல்லது.

உரிய சேவை மறுக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடவும் வழி உண்டு. இதற்கு ரசீது மிக முக்கியம்.

மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பழுதான உறுப்பு எது? அதை எந்தச் சோதனையால் கண்டறிந்தீர்கள்? கழற்றிய பழைய உறுப்பை எனக்குக் காட்ட முடியுமா? சரியாக வேலை செய்பவர் இக்கேள்விகளால் வருத்தப்படமாட்டார்.

மாற்றுவது என்று முடிவானால்

சேமிப்பு வகைக்கு ஐ.எஸ். 2082, உடனடி வகைக்கு ஐ.எஸ். 8978 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பிலோ பிரஷர் பம்ப் உள்ள வீட்டிலோ 8 பார் அழுத்தம் தாங்கும் மாடலே ஏற்றது. பழைய கீசரின் கொள்ளளவு போதுமானதாக இருந்ததா என்று யோசித்து வாங்க வேண்டும். எர்த் இணைப்பு, 16 ஆம்பியர் சாக்கெட், ஆர்.சி.சி.பி. ஆகியவற்றைச் சோதித்த பிறகே பொருத்த வேண்டும். பழைய பாதுகாப்பு வால்வைக் கழற்றிப் புதிய கீசரில் மாட்டக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன், படிவை நீக்கி, மெக்னீசியத் தண்டையும் வால்வையும் சோதிக்கச் சொல்வது நல்ல வழக்கம். கடின நீர் உள்ள இடங்களில் வெப்பநிலையை 60 டிகிரிக்கு மேல் வைக்காமல் இருந்தால் படிவு குறையும்.

சுருக்கம்

- ஷாக் அடித்தால்: மெயினை அணைக்கவும், எர்த், காயில் இரண்டையும் சோதிக்கவும், அதுவரை பயன்படுத்த வேண்டாம்.
- காயில், தெர்மோஸ்டாட், கட் அவுட், வால்வு, காஸ்கெட், பிளக் பழுதானால்: தொட்டி நன்றாக இருக்கும்வரை சரிசெய்யவும்.
- உள்தொட்டி கசிந்தால்: தொட்டியின் உத்தரவாதத்தைப் பார்க்கவும், அது முடிந்திருந்தால் புதிது வாங்கவும்.
- பழுதுச் செலவை எஞ்சிய ஆயுளால் வகுத்து, புதிய கீசரின் ஆண்டுச் செலவோடு ஒப்பிடவும்.
- ‘டைரக்ட்’ செய்ய எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.